ராணி குடித்து முடிக்கும் வரை

நாலே கால் மணிவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது என்று என் மாமா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதில் பாதி உண்மை. நாலே கால் மணிக்குத்தான் எல்லாம் கெடத் தொடங்கியது. நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கக் காரணம் உண்டு. அந்த நிமிடத்தில் மரக்காணம் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். குதிரைக்கார பாய் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நாலே கால் ஆயிடுச்சு. தொழுதுட்டு ஓடியாந்துர்றேன்," என்று கடிவாளக் கயிற்றை மாமாவின் கையில் கொடுத்தார். குதிரையின் மேல் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்பது வயது. தாடி வைத்திருந்தேன்.

இதை இப்போது எழுத வைத்தது போன ஞாயிற்றுக்கிழமை. ஆரோவில் போகும் வழியில் முந்திரித் தோப்பை ஒட்டி ஓரிடத்தில் குதிரையேற்றம் சொல்லித்தருகிறார்கள். என் மகள் சில மாதங்களாகப் போகிறாள். அன்று காற்றில் ஒரு நீலத் தார்ப்பாய் படபடவென்று எழும்ப, குதிரை மிரண்டு அவளோடு ஓடியது. மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வேலியோரம் தானாகவே நின்றும் விட்டது. சொல்லிக்கொடுக்கும் பெண் நிதானமாக, "இறங்காதே, அப்படியே உட்கார்ந்திரு," என்றாள். நான் செருப்பை உதறிவிட்டு ஓடினேன், "இறங்குடி, இறங்கு," என்று தோப்பே கேட்கக் கத்திக்கொண்டு. மகள் இறங்கவில்லை. குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தபடி இருந்தாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

என் கை இன்னும் நடுங்குகிறது. நேற்று வகுப்பில் கரும்பலகையில் எழுதும்போது முன் வரிசைப் பிள்ளைகள் கவனித்துவிட்டார்கள். வீட்டில் சாப்பிடும்போது மகள் கேட்டாள்: "குதிரையப் பத்தி உனக்கு என்னம்மா தெரியும்? ஏறியிருக்கியா நீ?"

"ஒரே ஒரு தடவை," என்றேன். அவள் நம்பவில்லை.

எங்கள் ஊரில் குதிரை வைத்திருந்தவர் யாருமில்லை. ஏறியவர்கள் எல்லாருமே அடுத்தவர் குதிரையில்தான் ஏறினார்கள். பஜார் தெருவில் நிக்காஹ் என்றால் திண்டிவனத்திலிருந்து பாய் தன் வெள்ளைக் குதிரையோடு வருவார். அதன் பெயர் ராணி. மாப்பிள்ளை முகத்தில் பூச்சரம் தொங்க, எதிரில் இருப்பது தெரியாமல், இரண்டு கையாலும் சேணத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். சவுதியில் பெரிய பெரிய டிரெய்லர் ஓட்டுகிறவர்கள்கூட ராணியின் மேல் ஏறியதும் தடுப்பூசிக்கு வந்த பிள்ளைபோல் ஆகிவிடுவார்கள். ராணி வெடிச் சத்தத்துக்கு அசையாது. பாண்டு வாத்தியத்துக்கு அசையாது. மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் அதன் காதோரம் ஆடினாலும் அசையாது. மாப்பிள்ளை கீழே இறங்கிச் சேணத்தைக் கழற்றியதும்தான் அது உடம்பை ஒரு உதறு உதறி, மண் கண்ட இடத்தில் படுத்து நாலு காலையும் வானத்தில் வீசிப் புரளும். அதைப் பார்க்க நாங்கள் பிரியாணிப் பந்தியை விட்டு ஓடுவோம்.

மாமாவும் ஏறியிருக்கிறார். மெட்ராஸ் மெரினாவில் ஒரு சுற்று. குதிரைக்காரன் கயிற்றைப் பிடித்துக் கூடவே நடந்த சுற்று அது. ஆனால் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த போட்டோவில் குதிரைக்காரன் விழவில்லை. அதனால் எங்கள் குடும்பத்தில் குதிரை சம்பந்தப்பட்ட எந்த விஷயத்திலும் மாமா சொன்னதுதான் சட்டம்.

எனக்குத் தாடி வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். நாலு வயதில் எனக்கு மூளைக்காய்ச்சல் வந்து, பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தேனாம். எங்கள் பங்குக் கோயிலின் பாதுகாவலர் சந்தியாகப்பர். வெள்ளைக் குதிரையில் வாளோடு வருகிற சாமி. அம்மா அவரிடம் நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தால் திருவிழா அன்று உன்னைப்போலவே வேஷம் கட்டி, நிஜக் குதிரையில் ஏற்றி, கோயிலிலிருந்து கடற்கரையில் உன் சொரூபம் இருக்கிற கெபிவரை கொண்டுவருகிறேன்; பின்னால் நான் வெறுங்காலோடு, மெழுகுவர்த்தியை அணையவிடாமல் ஏந்திக்கொண்டு வருகிறேன் என்று. அப்பா சவுதிக்குப் போன பிறகுதான் குதிரை கைகூடியது.

பங்குச்சாமியார் தயங்கினார். "சந்தியாகப்பர் வேஷத்துக்குப் பொம்பளப் பிள்ளையாம்மா?"

"நான் நேர்ந்துக்கிட்டப்ப ஆணா பொண்ணான்னு அவரு கேக்கலீங்களே ஃபாதர்," என்றாள் அம்மா. அவர் நோட்டை எடுத்து என் பெயரை எழுதிக்கொண்டார்.

எனவே பழுப்பு நூலில் செய்த தாடி, சிவப்பு சாட்டின் துணியில் அங்கி, ஜிகினாத் தாள் ஒட்டிய அட்டை வாள். தாடியின் கயிறு காதில் அறுத்தது. ஆனால் மாமா என்னைத் தூக்கிச் சேணத்தில் வைத்த நொடியில் காது, கயிறு, புழுக்கம் எல்லாம் மறந்துபோயின.

அந்த உயரத்தை எப்படிச் சொல்வது? மாடியில் நின்று பார்ப்பது வேறு. மாடிக்கு உயிர் இல்லை. இங்கே எனக்குக் கீழே ஒரு பெரிய சூடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் என் முழங்கால்கள் விலகிச் சேர்ந்தன. அதன் காதுகளுக்கு நடுவே பார்த்தால் தெரு ஒரு ஆறுபோல் என்னை நோக்கி வந்தது. சுவர்களுக்கு அப்பால் இருந்த முற்றங்கள் தெரிந்தன. அதுவரை கேள்விப்பட்டிருந்த, பார்த்திராத கொய்யா மரங்கள் தெரிந்தன. தலைமையாசிரியரின் வழுக்கை தெரிந்தது. தெரு முனையைத் தாண்டி, வெயிலில் கண்ணைக் கூசவைத்தபடி உப்பளம் முழுவதும் தெரிந்தது. பாத்தி பாத்தியாக, வெள்ளையும் சாம்பலும் ரோஜாவுமாக. அதற்கப்பால் ஒரு கோடாகக் கடல். நான் பிறந்த ஊர் இவ்வளவு பெரியது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ராணி நடந்தது. கொட்டுக்காரர்கள் முன்னால் போனார்கள். பாய் கயிற்றைப் பிடித்துப் பக்கத்தில் நடந்தார். அம்மா காகிதக் கூம்பு செருகிய மெழுகுவர்த்தியோடு பின்னால் வந்தாள். பள்ளிவாசல் திரும்பும் முனையில்தான் பாங்கு கேட்டது.

போகும்போது பாய் சொன்னார்: "வாய்க்கு ஒண்ணும் குடுக்காதீங்க. தண்ணிகூட நான் வந்து காட்டுறேன். வெயில்ல வந்த குதிர."

"நீ போய்ட்டு வா பாய். எனக்குத் தெரியாத குதிரையா?" என்றார் மாமா.

பின்னால் வந்துகொண்டிருந்த அம்மாவுக்கு இது கேட்கவில்லை.

சந்தியாகப்பருக்கு உப்பும் மிளகும் காணிக்கை போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மற்ற ஊர்களில் அது சின்னப் பொட்டலமாக வரும். நாங்கள் உப்பு வாரிப் பிழைக்கிற ஊர். கை நிறைய அள்ளித்தான் எங்களுக்குப் பழக்கம். ஊர்வலம் தெருவுக்குள் வந்தால் வீட்டு வாசலில் ஒரு தட்டில் உப்பும் மிளகும் வைத்துக் காத்திருப்பார்கள். வேஷம் கட்டிய பிள்ளை அதைத் தொட்டுக் கொடுத்தால் போதும். பிறகு அது கெபியின் காலடிக்குப் போகும்.

பாய் போனதும் அம்மா, ஒரு கையில் மெழுகுவர்த்தி இருக்க, மறு கையால் தன் தட்டை உயர்த்தி என்னிடம் நீட்டினாள். நேர்ந்தவள் என்பதால் அவள்தான் முதலில் கொடுக்க வேண்டும். நான் தொடக் குனிவதற்குள் ராணி கழுத்தை வளைத்துத் தட்டில் வாயை வைத்தது. அம்மா பயந்து கையை இழுக்கவில்லை. தட்டைத் தாழ்த்தாமல் நின்றாள். ராணியின் நாக்கு உப்பைச் சுழற்றி எடுத்தது. பிறகு மிளகு மூக்கில் ஏற, அது முழு உடம்பும் குலுங்க ஒரு தும்மல் போட்டது. கூட்டம் சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. அவள் கன்னங்களில் தண்ணீர் வழிந்தது.

"சாமியே எடுத்துக்கிச்சு," என்றாள் பக்கத்து வீட்டு அத்தை.

அவ்வளவுதான். தெருவில் இருந்த தட்டுகள் எல்லாம் ராணியின் வாயை நோக்கி வந்தன. மிளகை மட்டும் ஒதுக்கிவிட்டார்கள். மாமா முதலில் தடுக்கத்தான் பார்த்தார்.

"யக்கா, இரு. பாய் வாய்க்கு ஒண்ணும் குடுக்க வேணாம்னுட்டுப் போயிருக்காரு."

"அவரு சொன்னது புல்லு, கொள்ளு. இது காணிக்கைடா. காணிக்கை எப்படித் தீனியாவும்?" என்றாள் அம்மா.

மாமா யோசித்தார். மெரினாவில் இந்தக் கேள்வி எழுந்திருக்க வாய்ப்பில்லை. கயிற்றைத் தளர்த்திக் கொடுத்தார்.

ராணிக்கு வியர்த்து வழிந்துகொண்டிருந்தது. உப்புக்கு அது எப்படி ஏங்கியது என்பது இப்போது புரிகிறது. அப்போது நான் அதைப் பார்க்கவே இல்லை. நான் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை அதட்டுகிற, காதைத் திருகுகிற, மீதிச் சில்லறை சரியாக இருக்கிறதா என்று என்னைச் சந்தேகிக்கிற அத்தனை பெரியவர்களும் என் பாதத்தருகே நின்று முகத்தை உயர்த்தியிருந்தார்கள். உப்பைக் கொடுத்துவிட்டு ஒவ்வொருவரும் என்னிடம் மெல்ல ஏதோ சொன்னார்கள். "எம்மவனுக்கு விசா வந்துரணும்." "இந்த ஒண்ணாவது தங்கணும்." பால்காரர், அவ்வளவு பெரிய மீசைக்காரர், என் அங்கியின் நுனியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "வீட்டுக்கு வந்துரச் சொல்லு சாமி," என்றார். யாரை என்று தெரியவில்லை. நான் தலையாட்டினேன். எல்லாருக்கும் தலையாட்டினேன். ஒரு பிள்ளைக்கு அவ்வளவு பேர் தங்கள் துயரத்தைச் சொல்வது சரியில்லை என்றும், ஆனால் அவர்கள் என்னிடம் சொல்லவில்லை என்றும் புரிந்துகொள்ள எனக்கு வயது போதவில்லை. இந்த ஊர் முழுவதையும் நான் சுமக்கிறேன், என்னை இந்தக் குதிரை சுமக்கிறது என்று நினைத்தேன்.

தெரு முடிந்து உப்பளத்துச் சாலை தொடங்கியது. மரமில்லை, நிழலில்லை. இரண்டு பக்கமும் பாத்திகள். கடற்காற்று முகத்தில் அறைந்தது. மெழுகுவர்த்திகள் எல்லாம் அணைந்துகொண்டே வந்தன. ஆண்கள் சிரித்துக்கொண்டு மறுபடி பற்றவைத்தார்கள். அம்மா மட்டும் முந்தானையால் சுடரை மூடிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்து, பின்னால் போய்விட்டாள். திரும்பிப் பார்த்தபோது கூட்டத்தின் வாலில் ஒரு புள்ளியாகத் தெரிந்தாள்.

ராணியின் நடை மாறியது. அதற்கு முன் அது கொட்டுக்கு ஏற்ப நடந்தது. இப்போது தலையைத் தாழ்த்தி, மூக்கை விரித்து, காற்றை உறிஞ்சிக்கொண்டே வேகமாக நடந்தது. சாலைக்கு வடக்கே, கால்வாயிலிருந்து இறைத்த உவர்நீரைத் தேக்கி வைக்கும் பெரிய பாத்தி இருந்தது. ஏரிபோல் விரிந்து, வானத்தைக் காட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. எங்கள் ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும், அந்தத் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது, மேலே முழங்கால் ஆழம், கீழே எவ்வளவு சேறு என்பது யாருக்கும் தெரியாது என்று. திண்டிவனத்துக் குதிரைக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான். அது தண்ணீர்.

அது ஓடவில்லை. மிரளவும் இல்லை. கூப்பிட்டவர் வீட்டுக்குப் போவதுபோல் சாலையைவிட்டு இறங்கியது. மாமா கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்ந்தார். வரப்பில் அவர் குதிகால்கள் கோடு கிழித்துக்கொண்டு வந்தன. "ஏய், நில்லு. நில்லு தாயி. ஐயோ, நில்லும்மா," என்று மரியாதை கூடிக்கொண்டே போயிற்று. கடைசியில் கயிறு அவர் கையை உரித்துக்கொண்டு போனது. நான் வாளை விட்டேன். பிடரியைக் கொத்தாகப் பற்றினேன்.

முதல் அடி தண்ணீர். இரண்டாவது அடி தண்ணீர். பிறகு ராணியின் முன்பாதி எனக்கு முன்னால் கீழே இறங்கியது. கருத்த சேற்றின் நாற்றம் குப்பென்று எழுந்தது. பின்பாதியும் இறங்கியது. என் பாதங்கள் தண்ணீரைத் தொட்டபோதுதான் அது நின்றது. வயிறுவரை புதைந்திருந்தது.

அந்த நிலையிலும் அது முதலில் செய்த காரியம் குடிக்கக் குனிந்ததுதான். ஒரு வாய் உறிஞ்சியது. உடனே தலையைத் தூக்கி உதட்டைச் சுருட்டிப் பல் முழுவதையும் வானத்துக்குக் காட்டியது. பிறகு மறுபடி குனிந்து, கொஞ்சம் தள்ளி, வேறொரு இடத்தில் உறிஞ்சிப் பார்த்தது. அங்கும் அதே தண்ணீர். மூன்றாவது முறை அது குனியவில்லை. கழுத்தைத் திருப்பி ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தது. அந்தக் கண்ணில் நான் தெரிந்தேன், தாடியோடு.

வரப்பு முழுக்க ஜனம் நின்றது. கொட்டு நின்றுவிட்டது. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். தொடைவரை உள்ளே போனதும் ராணி தலையை வீசியது. அதன் உடம்பு எனக்குக் கீழே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கூட்டம் மூச்சை இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. மாமா அப்படியே நின்றுவிட்டார்.

பாய் எப்படி வந்தார் என்று தெரியவில்லை. யாரோ சைக்கிளில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். தொழுகைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, தலையில் தொப்பியோடு, வரப்பிலிருந்து நேராகச் சேற்றில் இறங்கினார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. மார்பால் சேற்றைத் தள்ளிக்கொண்டு ராணியின் முகத்தருகே வந்து, அதன் உதட்டோரத்தை விரலால் வழித்துத் தன் நாக்கில் வைத்தார்.

"யா அல்லா. எவ்ளோ குடுத்தீங்க?"

தட்டுகள் எல்லாம் முந்தானைக்குள் போய்விட்டன.

"நல்ல தண்ணி வேணும். நெறைய வேணும். கொடம் வேணாம், வாய் அகலமா எதுனா குடுங்க."

சாலையில் உப்பளத்துப் பெண்கள் தண்ணீர்ப் பந்தல் வைத்திருந்தார்கள். ஒருத்தி மோர் கலக்கிய தேக்சாவோடு ஓடிவந்தாள். "மோர் வேணாம்மா, அதுலயும் உப்பு போட்டுருப்பீங்க," என்றார் பாய். அவள் அதைக் கொட்டிக் கழுவி நல்ல தண்ணீர் நிரப்பினாள். சாலையிலிருந்து வரப்புவரை பெண்கள் வரிசையாக நின்று குடங்களைக் கைமாற்றினார்கள். எங்கள் ஊரில் நல்ல தண்ணீரை அப்படிக் கொடுத்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மாமா அதற்குள் பலகை ஒன்றைச் சேற்றின்மேல் போட்டுப் படுத்து ஊர்ந்து என் பக்கம் வந்திருந்தார். இரண்டு கையையும் நீட்டினார். "வா பாப்பா. குதிச்சிடு எம்மேல."

நான் காலைத் தூக்கப் போனேன்.

"எறக்காதீங்க," என்றார் பாய்.

"என்னது?"

"புள்ள மேலயே இருக்கட்டும். முதுகுல பாரம் இருக்கறவரைக்கும் மாப்பிள்ள இருக்கான்னு நெனச்சிக்கிட்டு அது அசையாது. பாரம் எறங்கிச்சின்னா வேல முடிஞ்சதுன்னு படுத்துப் பொரளும். இந்தச் சேத்துல பொரண்டா அவ்ளோதான். இது தண்ணி குடிச்சி நெதானத்துக்கு வர்ற வரைக்கும் இருக்கட்டும்."

"ஒரு பக்கமா சாஞ்சா புள்ள அடியில போயிடும்யா."

"நான் புடிச்சிக்கிட்டு நிக்கறேன். சாயவுட மாட்டேன்."

"ஏம்பா, ஒரு குதிரைக்காக எங்க பொண்ண சேத்துல உக்கார வெப்பியா நீ?"

"எங்கிட்ட ஒரு குதிரதாங்க இருக்குது."

"எங்ககிட்டயும் ஒரு பொண்ணுதான்யா இருக்குது."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேர் முகத்திலும் சேறு. வரப்பில் ஆளுக்கொன்று சொன்னார்கள். "புள்ளய எறக்குடா மொதல்ல." "பாய் சொல்றதக் கேளுங்கப்பா." மாமாவின் கை நீண்டே இருந்தது. நான் ஒரு காலை மடக்கியபடி, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் இருந்தேன்.

இந்தச் சச்சரவு எப்படித் தீர்ந்தது என்பதற்கு வருகிறேன். ராணி கரையேறியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் ஒரு தாய், பயத்தை இழுத்துக்கொண்டு போக எனக்குத் தெம்பில்லை. பாத்தியின் மடையைத் திறந்துவிட்டார்கள். பல நாள் தேக்கிய உவர்நீர் பள்ளத்தைப் பார்த்து ஓடிற்று. அளத்துக்காரர் தடுக்கவில்லை. உப்பு வாரும் பலகைகளையும் பனை ஓலைகளையும் கோணிகளையும் ஆண்கள் அதன் காலடியில் திணித்தார்கள். அதுவரையிலும் நான் மேலேயே இருந்தேன்.

அதுவரையிலும் ராணி குடித்தது. பாய் தேக்சாவைத் தன் நெஞ்சில் அணைத்துப் பிடித்துக்கொள்ள, அது கண்ணை மூடிக்கொண்டு குடித்தது. எத்தனை முறை நிரப்பினார்கள் என்று எண்ணவில்லை. எனக்கு நினைவிருப்பது வேறொன்று. ஒவ்வொரு மிடறும் அதன் கழுத்தில் ஒரு முடிச்சாக உருண்டு வந்து, என் கால்களுக்கு இடையே கடந்து உள்ளே போவதை நான் உணர்ந்தேன். குளிர்ந்த ஏதோ ஒன்று ஒரு பெரிய வீட்டுக்குள் படிப்படியாக இறங்கிப் போவதுபோல் இருந்தது. கோயிலில் முழங்கால் போடும்போதெல்லாம் எனக்கு வராத ஏதோ ஒன்று அப்போது வந்தது. நான் தாடியைக் கழற்றினேன். ராணியின் கழுத்தில் கன்னத்தை வைத்துப் படுத்தேன். அதன் இதயம் கேட்டது. அவ்வளவு பெரிய உயிர், வயிறுவரை புதைந்து, நாக்கு வறண்டு, ஒரு துள்ளலில் என்னைத் தூக்கி எறிந்திருக்கலாம். எறியவில்லை. என்னை யாரோ ஒரு மாப்பிள்ளை என்று நம்பி நின்றது.

பிறகு பாய் தன் இரண்டு கையாலும் என்னை எடுத்துத் தன் தோள்வழியாக மாமாவிடம் கொடுத்தார். கொடுத்த கையோடு ராணியின் பிடரியில் ஒரு தட்டுத் தட்டினார். அது ஒரே உந்தலில், சேறு வானத்துக்குத் தெறிக்க, பலகைகள் முறிய, வரப்பில் வந்து நின்றது. வெள்ளைக் குதிரை கறுப்பாகிவிட்டிருந்தது. உடம்பை உதறியது. ஊர் முழுக்கச் சேறு வாங்கிக்கொண்டது. யாரும் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை.

ஆனால் அதற்கு முன்னால், மாமாவின் கை நீண்டிருக்க, பாயின் கை ராணியின் தாடையைப் பிடித்திருக்க, நான் நடுவில் இருந்தபோது, அம்மா வந்தாள்.

வர வேண்டியவர்களில் அவள்தான் கடைசி. எல்லாரும் ஓடிவந்த சாலையில் அவள் மட்டும் நடந்து வந்தாள். குதிரையின் மேலிருந்து எனக்கு வெகுதூரம் தெரிந்தது. காகிதக் கூம்பு எரிந்து போய்விட்டிருந்தது. சுடரைக் கையால் பொத்தி, அதன்மேல் முந்தானையைப் போர்த்தி, காற்றுக்கு முதுகைக் கொடுத்து, பக்கவாட்டில் அடி எடுத்து வைத்தாள். யாரோ ஓடிப்போய் அவளிடம் கையை ஆட்டிச் சொல்வது தெரிந்தது. அதற்குப் பிறகும் அவள் ஓடவில்லை. மெழுகுவர்த்தியைக் கீழே போடவில்லை. இன்னும் மெதுவாகத்தான் நடந்தாள் என்று எனக்குத் தோன்றியது. அந்தத் தூரம் முடிவதற்குள் நான் அவள்மேல் எவ்வளவு கோபம் கொள்ள முடியுமோ அவ்வளவும் கொண்டுவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை நான் செருப்பில்லாமல் ஓடிய தூரம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

கூட்டம் விலகி வழிவிட்டது. வரப்பின் விளிம்பில் வந்து நின்றாள். மாமா, "அக்கா, நீயே சொல்லு. எறக்கட்டுமா, வேணாமா?" என்றார். பாய் அவளைப் பார்த்தார், பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

அம்மா ராணியைப் பார்த்தாள். தேக்சாவுக்குள் போயிருந்த அதன் வாயை, தண்ணீரில் வெள்ளையாய்க் கரைந்துகொண்டிருந்த அதன் உதட்டோரத்து உப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் அவளை நோக்கி இரண்டு கையையும் நீட்டினேன். 'வா' என்ற ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன். உருகிய மெழுகு அவள் மணிக்கட்டில் வழிந்து கெட்டியாகியிருந்தது. முந்தானைக்குள், காற்றே போக முடியாத இடத்தில், சுடர் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. காற்றுதான் ஆட்டுகிறது என்று நினைத்தேன்.

"எறங்காதம்மா," என்றாள். "அது குடிச்சி முடிக்கட்டும். உப்பு நாமதான குடுத்தோம்."